பார்த்தவனின் கடன்

அநீதி ஒன்று நம் கண்முன் நிகழ்கிறது. அதை நாம் செய்யவில்லை; தடுக்கும் வலிமையும் நமக்கு இல்லை; பார்த்தோம், அவ்வளவே. பார்த்த காரணத்தினால் மட்டும் நமக்குக் கடமை ஏதேனும் உண்டாகிறதா? இக்கேள்விக்கு நீதிமன்றம் வைத்திருக்கும் விடை எளியது. அழைப்பாணை கிடைத்தால் கூண்டிலேறிக் கண்டதைச் சொல்லவேண்டும். சொல்லி முடித்தபின் இறங்கி வீடு செல்லலாம். சாட்சிக்கும் அநீதிக்கும் இருந்த தொடர்பு அத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையிலோ அத்தொடர்பு அவ்வளவு இலகுவில் அறுவதில்லை. அழைப்பாணை வராத சாட்சிகளே உலகில் அதிகம். கேட்பார் எவருமின்றி, கண்டதைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதுமை எய்திய மனிதர்கள் நம் மலைகளில் எத்தனையோ பேர்.

கலைஞனும் ஒரு சாட்சியே என்று முற்போக்கு எழுத்துலகில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அவன் எத்தகைய சாட்சி, அவனுடைய சாட்சியம் யாருக்கு உரியது, அதை எந்த உருவத்தில் அவன் அளிக்கவேண்டும் என்பனவே நாம் இங்கு ஆராய விரும்பும் விஷயங்கள். அவ்வாராய்ச்சிக்கு ஓவியர் ஒருவர் எடுத்த சிறிய படமொன்றைத் துணையாகக் கொள்வோம். 1970ஆம் ஆண்டில் பம்பாய் ஓவியர் தையப் மேத்தா, இந்திய அரசாங்கத்தின் திரைப்படப் பிரிவுக்காகப் பதினாறு நிமிடமே ஓடும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘கூடல்’. குஜராத்தில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த ஓவியர் தம் படத்துக்குத் தேர்ந்தது தமிழ்ச் சொல். ஆயினும் தமிழ் வாசகர்களில் அப்படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலரே.

‘இதற்கும் சப்ரகமுவத் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று நம் ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலைக்கும் ரப்பருக்கும் நடுவே வாழும் மக்களுக்கு வீட்டுக்காணி இல்லை; போதிய சம்பளம் இல்லை; பாடசாலைகளில் கணித விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லை. இந்நிலையில் கதையும் பேச்சும் இல்லாத பரீட்சார்த்தப் படமொன்றைப் பற்றி விவாதிப்பது தலைநகரத்துக் குளிரூட்டிய மண்டபங்களுக்குரிய பொழுதுபோக்கல்லவா? இது நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டு மேலே செல்பவன் கலையையும் அறியாதவன், மக்களையும் அறியாதவன். ஆகவே எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடும் முதலில் எடுத்துரைப்போம்.

* * *

எதிர்வாதம் இது. உழைக்கும் மனிதனுக்கு வேண்டியது தெளிவு. அவனைச் சுரண்டுவது யார், எவ்வாறு சுரண்டுகிறான், விடுதலைக்கு வழி எது என்பவற்றை விளங்கும்படி சொல்வதே முற்போக்குக் கலை. பரீட்சார்த்தக் கலைஞனோ விளங்காமையைப் பெருமையாகக் கொள்கிறான். துண்டு துண்டான காட்சிகளை ஒட்டிவைத்து, பொருளைப் பார்ப்பவனே தேடிக்கொள்ளட்டும் என்கிறான். தேடுவதற்கு ஓய்வும் கல்வியும் உள்ளவன் தேடுகிறான். இல்லாதவன் வெளியே நிற்கிறான். ஆகவே இக்கலை எதைப் பற்றிப் பேசினாலும், தன் உருவத்தினாலேயே அது மேல்வர்க்கத்தின் பக்கம் நிற்கிறது.

இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் உழைப்பாளரின் பக்கம் நின்று படமெடுத்த மாமேதையான ஐசன்ஸ்டைனின் அனுபவம் நம்மைச் சிறிது நிதானிக்கச் செய்கிறது. 1925இல் வெளிவந்த அவரது ‘வேலைநிறுத்தம்’ என்ற படத்தின் இறுதியில், போராடிய தொழிலாளர்கள் படையினரால் கொன்று குவிக்கப்படுகின்றனர். அக்காட்சியின் இடையிடையே மடுவத்தில் மாடு அறுக்கப்படும் காட்சியை அவர் வெட்டி இணைத்தார். மாட்டைப்போல் மனிதர் கொல்லப்படுகின்றனர் என்பது கருத்து. இதைவிடத் தெளிவாக ஒரு படம் பேசமுடியாது. எனினும் அவரே பின்னர் எழுதியது என்ன? நகரத்துப் பார்வையாளரை உலுக்கிய அக்காட்சி, தன் கையாலேயே மாட்டை அறுத்துப் பழகிய குடியானவனை உலுக்கவில்லை என்பதுதான். இரத்தம் கண்டு திடுக்கிடுவது ஒரு வர்க்கத்தின் பழக்கம். திடுக்கிடாதிருப்பது இன்னொரு வர்க்கத்தின் பழக்கம்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் முக்கியமானது. தெளிவு என்பது படத்துக்குள் மட்டும் இருக்கும் பண்பன்று. பார்ப்பவன் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது மாறுகிறது. இவ்வுண்மை ஐசன்ஸ்டைனுக்குப் புலப்பட்டதும், அவர் பரீட்சித்துப் பார்க்கத் துணிந்ததனாலேயே. பரீட்சை என்பது உழைப்பாளருக்குப் பகையான முயற்சி என்று கூறுவோர், உழைப்பாளருக்காகவே பரீட்சை செய்தோரின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர்.

ஓவியர்கள் கமெராவைக் கையிலெடுத்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஜெர்மனியில் ஹான்ஸ் ரிக்டர் 1921இல் வெறும் சதுரங்களையும் செவ்வகங்களையும் அசையவைத்துப் படம் ஆக்கினார். 1924இல் பிரெஞ்சு ஓவியர் பெர்னான் லேஜே, அமெரிக்கரான டட்லி மர்பியுடன் சேர்ந்து ‘இயந்திர நடனம்’ என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு காட்சி நம் தோட்டத்து வாசகருக்கு எவ்வித விளக்கமுமின்றி விளங்கும். சலவைத் தொழிலாளிப் பெண்ணொருத்தி தோளில் மூட்டையைச் சுமந்து படிக்கட்டு ஏறுகிறாள். மேற்படியை அடையும் தறுவாயில் காட்சி வெட்டுப்படுகிறது. மறுபடி அவள் கீழிருந்து ஏறுகிறாள். மறுபடியும் ஏறுகிறாள். இருபது தடவைக்கும் மேலாக ஏறுகிறாள். ஒரு தடவையும் போய்ச் சேர்வதில்லை.

கதைப்படம் என்றால் அவளை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். அங்கே அவளுக்கு ஒரு காதலனோ ஒரு துன்பமோ காத்திருக்கும். படி ஏறியது மறந்துபோகும். லேஜேயின் படம் அவளைச் சேரவிடாததனால், ஏறுவது ஒன்றே அவளுடைய நாளாக இருப்பதை நாம் காண்கிறோம். பலாங்கொடை மலைச்சரிவில் கூடையோ சாக்கோ முதுகில் தொங்க, நிறை நிறையாக ஏறி, கொழுந்தை நிறுத்துவிட்டு மறுபடி ஏறும் பெண்ணின் நாளும் அத்தகையதே. நேற்று ஏறிய மலையைத்தான் இன்றும் ஏறுகிறாள். அவளுடைய தாய் ஏறியதும் அதே மலைதான். உழைப்பின் இத்தன்மையை வசனத்தால் எழுதுவது அரிது. திரும்பத் திரும்ப வரும் உருவம் அதைச் சொல்லிவிடுகிறது.

லேஜேயிடம் குறையும் உண்டு. அப்பெண்ணை அவர் சுழலும் சக்கரங்களுக்கும் பளபளக்கும் பாத்திரங்களுக்கும் நடுவே இன்னொரு பொறியாகவே வைத்தார். அவளுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. பிற்காலத்தில், 1945இல், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, கட்டடத் தொழிலாளரைத் தம் ஓவியங்களின் நாயகர்களாக்கிய லேஜேக்கு இக்குறை தெரிந்தே இருக்கவேண்டும். உருவம் உண்மையைச் சொல்லலாம். உண்மையைச் சொல்வதனால் மட்டும் பார்க்கப்பட்டவளுக்குரிய கடன் தீர்ந்துவிடுவதில்லை. இந்த வேறுபாட்டை நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட ஒரு படம் நன்கு விளக்கும்.

* * *

1934இல் பாசில் ரைட் என்ற ஆங்கில இளைஞர் இலங்கைக்கு வந்து ‘இலங்கையின் கீதம்’ என்ற படத்தை எடுத்தார். ஜான் கிரியர்சன் அதன் தயாரிப்பாளர். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. உலக ஆவணப்பட வரலாற்றில் அது ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. படம் தொடங்குவது சப்ரகமுவ மண்ணில், சிவனொளிபாதமலை ஏறும் யாத்திரிகருடன். படத்தில் நாம் கேட்கும் உரை, 1681இல் அச்சான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் படிக்கும் குரல் லயனல் வென்ட்டினுடையது. சிறந்த புகைப்படக் கலைஞரும் பியானோ வித்துவானுமான அவருடைய இல்லத்திலேதான் 1943இல் இலங்கையின் நவீன ஓவியர்கள் கூடி ‘43 குழு’வை அமைத்தனர். ஆகவே இப்படம் நம் நவீன ஓவிய இயக்கத்தின் வாசற்படியில் நிற்கிறது எனலாம்.

அதன் மூன்றாம் பகுதிக்குப் பெயர் ‘வணிகத்தின் குரல்கள்’. அதில் ரைட் செய்த பரீட்சை துணிச்சலானது. நம் கண் காண்பது வயலிலும் மலையிலும் உழைக்கும் மனிதரை; நம் காது கேட்பதோ சந்தை விலைகள், கப்பல் அறிவிப்புகள், தந்தி ஒலிகள், வியாபாரக் கடிதங்களைச் சொல்லி எழுதுவிக்கும் குரல்கள். உழைப்பவன் ஓரிடத்தில் இருக்க, அவன் உழைப்பின் விலையைப் பேசுபவன் வேறோரிடத்தில் இருக்கிறான் என்ற ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் சாரத்தை, ஒரு வார்த்தை விமர்சனமுமின்றி, ஒலியையும் ஒளியையும் பிரித்துவைத்தே அப்பகுதி காட்டிவிடுகிறது. பணம் கொடுத்த சபை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே படம் பேசிவிட்டது. உருவம் சிலவேளைகளில் எசமானை மீறும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் பேசும் உரிமை அப்படத்தில் யாருக்கு உண்டு? நொக்ஸுக்கு உண்டு, பங்குச் சந்தைக்கு உண்டு. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இல்லை. அவளுடைய விரல்களின் லாவகம் இருக்கிறது. அவளுடைய வாய் இல்லை. அவளைப் பார்த்த கண் அழகான கண்தான். எனினும் பார்த்ததை அது கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இலண்டன், தேநீர் அருந்துவோரிடம். அவளிடம் அது திரும்பி வரவில்லை.

காலத்தையும் சற்றுக் கவனிப்போம். 1934இன் இறுதியில் தொடங்கி 1935இலும் நீடித்த மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை மாவட்டத்துக் கிராமங்கள் அதனால் மிகக் கொடுமையாகத் தாக்குண்டன. கலாநிதி என். எம். பெரேராவும் சூரியமல் இயக்கத்துத் தோழர்களும் மருந்தும் பருப்பும் சுமந்து வீடு வீடாகச் சென்றது அப்போதுதான். 1936இல் ருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியதும் அந்த உறவினால்தான். ‘இலங்கையின் கீதம்’ பிரஸ்ஸல்ஸ் நகரில் முதற்பரிசு பெற்றதும் அதே 1935ஆம் ஆண்டில். நோய் வருமுன் எடுத்த படத்தை நோயைக் காட்டவில்லை என்று குற்றஞ்சாட்டுவது நேர்மையாகாது. ஆனால் ஒரு நாட்டின் அழகு உலகெங்கும் புகழப்படும் அதே மாதங்களில் அந்நாட்டு மக்கள் செத்து மடியலாம். புகழுக்கும் சாவுக்கும் இடையே எவ்விதத் தொடர்பும் ஏற்படாமலே இருக்கலாம் என்பதை நினைவில் கொள்வது நல்லது. அத்தொடர்பை உண்டாக்குவதே பார்த்தவனின் கடன்.

* * *

இனித் தையப் மேத்தாவிடம் வருவோம். அவர் 1925இல் பிறந்தவர். ஓவியம் கற்பதற்கு முன்பு பம்பாய்ப் படக்கூடமொன்றில் படத்தொகுப்பு வேலை பார்த்தவர். ஆகவே கத்தரியும் ஒட்டும் பசையும் அவருக்குத் தூரிகைக்கு முன்பே பழக்கமானவை. 1947இல் பம்பாயில் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவினருடன் நெருங்கிப் பழகியவர். அதே 1947இல், பிரிவினைக் கலவரத்தின்போது, முகம்மதலி வீதியிலுள்ள வீட்டின் சன்னலிலிருந்து அவர் ஒரு காட்சியைக் கண்டார். கீழே தெருவில் கூட்டம் ஒரு மனிதனைச் சூழ்ந்து அடித்தது. கல்லால் அவன் தலையை நசுக்கிக் கொன்றது. அதைக் கண்ட அதிர்ச்சியில் தாம் நோயுற்றுக் காய்ச்சலில் கிடந்ததையும், அக்காட்சி வாழ்நாள் முழுவதும் தம்மை விட்டு நீங்காததையும் அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

அவர் தெருவில் இறங்கிக் கூட்டத்தைத் தடுக்கவில்லை. தடுத்திருக்க முடியாது. அவர் செய்யக்கூடியதாக இருந்தது பார்த்தல் ஒன்றே. அந்தப் பார்வையின் பாரம் அவருடைய ஓவியங்களில் வெவ்வேறு வடிவம் கொண்டது. 1950களிலேயே அவர் கால்கள் கட்டப்பட்ட காளையை வரையத் தொடங்கினார். பெருவலிமை படைத்த மிருகம். கட்டி வீழ்த்தப்பட்ட கணத்தில் அவ்வலிமை முழுவதும் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. தம் ஆற்றலைச் செலுத்த வழியறியாத ஒரு மக்கட்கூட்டத்தின் நிலையையும் தாம் அதில் கண்டதாக அவர் சொன்னார். பின்னர் வீழும் மனிதன் வந்தான். அவ்வரிசை ஓவியம் ஒன்றுக்கு 1968இல் புதுதில்லி முதலாவது முவ்வாண்டுக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது.

பிறகுதான் ‘கூடல்’. கமெராவை அவர் எடுத்துச் சென்ற இடம் பாந்திரா மடுவம். காளை கட்டப்படுகிறது, வீழ்கிறது, அறுபடுகிறது. அதனோடு நகரத்து மனிதக் கூட்டங்களின் காட்சிகள் இணைகின்றன. கதை இல்லை, விளக்கவுரை இல்லை. ஐசன்ஸ்டைன் மாட்டையும் தொழிலாளியையும் அருகருகே வைத்து இது அதற்கு உவமை என்றார். மேத்தா உவமையை முடித்துத் தரவில்லை. அறுபடுவது யார், அறுப்பது யார், சுற்றி நிற்பது யார் என்பதை நம்மிடமே விட்டுவிட்டார். பெயரும் அதற்கு இசைவாகவே அமைந்தது. கூடல் என்றால் புணர்ச்சி. கூடல் என்றால் ஆறுகள் சேருமிடம். கூடல் என்றால் மதுரை மாநகர். கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து, இரு முனையும் கூடுமா என்று பார்க்கும் குறியும் கூடல்தான். மனிதர் ஒன்றுகூடுவதையும் அச்சொல் தழுவி நிற்கிறது. கூடுதல் என்ற ஒரே வினை அன்புக்கும் ஆகும், கொலைக்கும் ஆகும் என்ற கொடிய உண்மையை அப்பெயர் தாங்குகிறது.

இங்கே நாம் ஒரு கடுமையான வினாவை எழுப்பாமல் இருக்க முடியாது. 1947இல் தெருவில் கொல்லப்பட்டவன் ஒரு குறித்த மனிதன். அவனைக் கொன்றவர்கள் குறித்த சிலர். அக்கொலைக்குப் பின்னால் குறித்த அரசியல் இருந்தது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் காளையைக் காட்டுவது, வகுப்புவெறியின் குற்றத்தை மனித இயல்பின் மேல் சுமத்தித் தப்பிப்பது ஆகாதா? ‘எல்லா மனிதரும் இப்படித்தான்’ என்ற பெருமூச்சைவிடக் கொலைகாரனுக்கு வசதியான அடைக்கலம் வேறில்லை அல்லவா?

இவ்வினாவுக்கு நம் விடை இது. சாட்சியம் இருவகைப்படும். ஒன்று, குற்றவாளியை அடையாளம் காட்டும் சாட்சியம். அதற்குப் பெயரும் நாளும் இடமும் வேண்டும். மற்றது, குற்றவாளி அல்லாதவனைத் தன் இருக்கையில் அமைதியாக இருக்கவிடாத சாட்சியம். முதலாவது நீதிக்கு இன்றியமையாதது. அதைக் கலை ஈடுசெய்ய முடியாது. இரண்டாவதை விசாரணைக் குழு ஈடுசெய்ய முடியாது. கலவரம் ஒன்றை நடத்துவோர் சிலர். சன்னலில் நின்று பார்ப்போர் ஆயிரம் பேர். அவர்கள் தம்மைக் குற்றமற்றவர் என்று கருதிக்கொள்வதனாலேயே அடுத்த கலவரம் சாத்தியமாகிறது. ‘கூடல்’ பேசுவது அவர்களோடுதான். கொலைகாரனைக் காட்டியிருந்தால் நாம் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். கூட்டத்தைக் காட்டியதனால், அதில் நம் முகத்தைத் தேடவேண்டியவர்கள் ஆகிறோம். அம்முகங்களில் தம் முகத்தையும் ஓவியர் விலக்கிவைக்கவில்லை.

எனினும் ஒரு நிபந்தனை உண்டு. முதல்வகைச் சாட்சியம் மறுக்கப்பட்ட நாட்டில், இரண்டாம் வகை மட்டும் கொண்டாடப்படுமாயின் அது வெறும் ஆறுதலாகத் தேய்ந்துவிடும். குற்றவாளிகள் பதவியில் இருக்க, நாம் மண்டபத்தில் அமர்ந்து மனித இயல்பைப் பற்றிக் கவலைப்படுவது முற்போக்கு ஆகாது.

* * *

சப்ரகமுவ இவ்விரண்டு சாட்சியங்களுக்கும் இன்றளவும் கடன்பட்டிருக்கும் மண். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்களாகப் பிரித்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அதன்பின் வந்தது தீ. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் வன்செயல் தோட்டங்களுக்குள் புகுந்தது. 1981இல் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதிகளில் லயன்கள் எரிந்தன. தேயிலைச் செடிகளுக்கிடையிலும் காட்டிலும் ஒளிந்து உயிர்தப்பியோர் பலர், பின்னர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று குடியேறினர். தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தனர். சன்னலைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தனர். சன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தனர்.

1977 வன்செயலை விசாரிக்கச் சன்சோனி ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1980இல் வெளிவந்தது. அத்தகைய விசாரணைகள் அவசியம். இன்னும் பல நடந்திருக்கவேண்டும். ஆனால் ஆணைக்குழுவின் மொழி ஒழுங்கான மொழி. முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இழந்த பொருளின் பெறுமதி எவ்வளவு என்று அது கேட்கும். எட்டு வயதில் தாயின் கையைப் பிடித்து இருட்டில் ஓடிய பிள்ளையின் நினைவோ அந்த ஒழுங்கில் அமைவதில்லை. கவிழ்ந்த குப்பிவிளக்கு ஒன்று, ரப்பர் எரியும் நாற்றம், நாய் குரைத்தல், அறுந்த செருப்பு என்று அது துண்டு துண்டாகவே வரும்; சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அந்நினைவுக்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் வைத்துக் கதையாக்கினால், உண்மையில் நடவாத ஓர் ஒழுங்கை நாமே அதற்குள் புகுத்தியவர்கள் ஆவோம்.

முன்பு எடுத்துரைத்த எதிர்வாதத்துக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. துண்டான காட்சியும் திரும்ப வரும் உருவமும் படித்தவர்களின் விளையாட்டுப் பொருள்கள் என்று சொன்னோமல்லவா? வரலாற்றினால் துண்டாக்கப்பட்டவர்களுக்கு அவை இயல்பான மொழியே. லேஜேயின் படிக்கட்டைக் கொழுந்து பறிப்பவள் அறிவாள். மேத்தாவின் காளையை ஓடித் தப்பிய பிள்ளை அறிவான். நம் தோட்டத்து வழக்கில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் மாடு அறுக்கும் இடத்துக்கும் மடுவம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. தராசின் முன் வரிசையில் நின்று, தன் நாள் உழைப்பில் எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது என்று பார்த்திருப்பவளுக்கு அச்சொல்லின் இரு பொருளையும் எவரும் விளக்க வேண்டியதில்லை.

* * *

இக்கலை மக்களிடம் போகாமல் வேறெங்கோ போவதே உண்மையான இடர். தையப் மேத்தாவின் ‘கொண்டாட்டம்’ என்ற ஓவியம் 2002இல் ஏலத்தில் ஒன்றரைக் கோடி இந்திய ரூபாய்க்கு விலைபோயிற்று. இந்திய நவீன ஓவியத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை அது. அவர் 2009இல் மறைந்தார். 1956இல் அவர் வரைந்த கட்டுண்ட காளை 2025இல் 61 கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போயிற்று. கட்டி வீழ்த்தப்பட்ட மிருகத்தை, வாங்கியவன் இன்னொரு முறை கட்டித் தன் சுவரில் மாட்டிக்கொள்கிறான். ஓவியரின் நேர்மைக்கு இதனால் இழுக்கில்லை. சந்தை எதையும் செரித்துவிடும் என்பதே இதன் பொருள்.

படச்சுருளுக்கு இவ்வாபத்துக் குறைவு. ஆனால் அதற்கு வேறோர் ஆபத்து உண்டு: மறதி. மேத்தாவின் நண்பரான ஓவியர் அக்பர் பதம்சி 1969இல் எடுத்த ‘முகிலறை நிகழ்ச்சிகள்’ என்ற படத்துக்கு இருந்தது ஒரே பிரதி, அது தொலைந்தது. 2016இல் இயக்குநர் அஷிம் அலுவாலியா, முதுமையடைந்திருந்த ஓவியரின் துணையோடு அதை மறுபடி கற்பனை செய்ய முயன்றார். எம். எஃப். உசைனின் ‘ஓர் ஓவியனின் கண்வழியே’ 1967இல் பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக்கரடிப் பரிசு பெற்றது. கூலிக்குச் சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதி வாழ்க்கையைத் தொடங்கிய அந்த ஓவியர், வகுப்புவாதிகளின் மிரட்டலால் நாட்டைவிட்டு நீங்கி 2011இல் இலண்டனில் உயிர்நீத்தார். பரிசு கொடுத்தவர்களால் படம் வாழ்வதில்லை. பார்ப்பவர்களால்தான் வாழ்கிறது. அப்படங்களுள் சில மக்களின் வரிப்பணத்தால் அரசாங்கப் பிரிவு எடுத்தவை. 1948இல் தொடங்கிய அப்பிரிவின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டவேண்டும் என்ற விதியும் ஒருகாலத்தில் இருந்தது. மக்கள் பணத்தில் விளைந்தது மக்களிடம் சேரவேண்டும் என்று கோருவது சலுகை கேட்பதாகாது.

அங்கே ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ எட்டியாந்தோட்டையிலோ உயர்வகுப்பு மாணவர் முன்னிலையில் ‘கூடல்’ போன்ற ஒரு படத்தைக் காட்டுவது இன்று பெருஞ்செலவான காரியமன்று. காட்டிய பின், ‘இதன் கருத்து யாது?’ என்ற பரீட்சைக் கேள்வியைக் கேட்க வேண்டாம். ‘என்ன கண்டாய்? காணும்போது நீ எங்கே நின்றாய்? அறுபடுகிறவன் பக்கமா, அறுக்கிறவன் பக்கமா, சுற்றி நிற்போரிடையிலா?’ என்று கேட்போம். வரும் விடைகள் விமர்சகர்களின் விடைகளைவிடக் கூர்மையாக இருக்கும் என்பதில் நமக்கு நம்பிக்கை உண்டு. அதற்கடுத்த படி, அம்மாணவர்களிடமே கமெராவைக் கொடுப்பது. இக்காலத்தில் அது பலர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிறரால் பார்க்கப்பட்ட மக்கள் தம் லயனையும் தம் மலையையும் தாமே பார்க்கவேண்டும். தெளிவாகச் சொல்லும் உரிமை போலவே, தமக்கு விளங்கிய உருவத்தில், துண்டு துண்டாகவேனும் சொல்லிப் பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும். பரீட்சிக்கும் உரிமை வசதி படைத்தவனுக்கே உரியது என்று நாமும் கருதினால், உழைப்பவனுக்குக் கூலியில் மட்டுமல்ல, கற்பனையிலும் குறைத்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

எந்தப் படத்தையும், எந்த ஓவியத்தையும், எந்த எழுத்தையும் நாம் மதிப்பிடும்போது மூன்று வினாக்களை முன்வைப்போம். பார்க்கப்படுகிறவர் யார்? பார்ப்பவன் எங்கே நிற்கிறான்? பார்த்ததை அவன் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான்? கதை உண்டா இல்லையா, எளிமையா கடினமா என்பன இவற்றுக்குப் பின்னரே வரவேண்டிய வினாக்கள். கண்ணுக்குள் வந்த காட்சி அங்கேயே தங்கிவிட்டால் அது பார்த்தவனின் நோயாகிறது. சந்தைக்குப் போனால் சரக்காகிறது. பார்க்கப்பட்டவரிடமே திரும்பிச் சென்று, அவர்களுடைய பேச்சையும் கேள்வியையும் எழுப்பும்போதுதான் கடன் தீரத் தொடங்குகிறது. சப்ரகமுவ மலைகளில் அக்கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைத் தீர்க்கும் பொறுப்பு ஓவியர்களுக்கு மட்டும் உரியதன்று. பார்த்த நம் எல்லோருக்கும் உரியது.